வரவில்லை என்று நான் சொன்ன கடிதம்

என் கணவரின் தாய் சாகக் கிடந்தபோது, ‘உடனே புறப்பட்டு வா’ என்று அவருக்கு வந்த கடிதத்தை நான் மறைத்தேன்.

மறைத்ததோடு நின்றிருந்தால்கூட ஒருவேளை இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அந்தக் கடிதத்தை எழுதியவளைப் பொய்க்காரி ஆக்கினேன். ஐந்து வருடமாக அவள் பொய்க்காரியாகவே இருக்கிறாள். நான் நல்ல மனைவியாகவே இருக்கிறேன்.

சொல்லிவிட்டேன். இதற்குமேல் கேட்கப் பிடிக்கவில்லை என்று நீங்கள் எழுந்து போனாலும் எனக்குப் புரியும். ஆனால் முடிந்தால் மீதியையும் கேளுங்கள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். கோவையாகச் சொல்ல வராது. பயந்து பயந்துதான் சொல்வேன். எதையுமே நான் அப்படித்தான் செய்கிறேன்.

என் பயம் எப்படிப்பட்டது என்றால்... அடுப்பை அணைத்துவிட்டு வாசல்வரை போவேன். திரும்பி வந்து பார்ப்பேன். மறுபடி வாசல்வரை போவேன், மறுபடி வருவேன். அவர் வரும் ரயில் பத்து நிமிடம் தாமதித்தால், அந்தப் பத்து நிமிடத்தில் அவரை மூன்று விதமாகச் சாகடித்துவிடுவேன். எனக்கு எட்டு வயதானபோது என் தாய் பிரசவத்துக்குப் போனாள். தாயும் வரவில்லை, பிறந்ததும் வரவில்லை. அங்கிருந்து பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் மலேசியாவில், ஈப்போவில் ஒரு பிஸ்கட் ஃபாக்டரியில் டின் அடுக்கும் வேலை எனக்கு. பக்கத்து இருக்கையில் சரோஜாக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவள். டின்னை மூடுகிற வேகத்தில் என் பயத்தையும் மூடிவிடுவாள்.

“ஏய் தேவி, நடக்காததுக்கெல்லாம் நீயே அழுது தீத்துட்டா எப்படி? நடக்கிறதுக்கு அழ எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வையி லா” என்பாள். நான் சிரித்துவிடுவேன். அப்படி என்னைச் சிரிக்க வைத்தவர்கள் அவளுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அவள்தான் தன் தம்பிக்கு என்னைக் கேட்டாள். “என் தம்பி வாயைத் தொறக்க மாட்டான். நீ வாயை மூட மாட்டே. சரியாப் போயிடும்.”

அந்தத் தம்பிதான் என் கணவர். ரயில் பெட்டிகள் பழுதுபார்க்கும் பட்டறையில் ஃபிட்டர். எழுபத்துமூன்றில் மெல்பர்னில் வேலை கிடைத்து வந்தோம். ஃபுட்ஸ்கிரேயில் இரண்டு அறை வீடு. அவருக்கு இங்கிலீஷ் வரும். எனக்கு ‘தேங்க்யூ’வும் ‘சாரி’யும் வரும். கடையில், ரயிலில், டாக்டரிடம், எங்கே போனாலும் அவர்தான் எனக்கு வாய்.

பிரன்ஸ்விக்கில் ஒரு தையல் ஃபாக்டரியில் எனக்கும் வேலை கிடைத்தது. சட்டைக்குக் கை வைத்துத் தைக்க வேண்டும். இருபத்துநான்கு சட்டை சேர்ந்தால் ஒரு கட்டு. சூப்பர்வைசர் அம்மாள் வரிசையாக நடந்து வருவாள். ஏதாவது ஒரு கட்டை எடுத்துப் பிரித்துப் பார்ப்பாள். தினமும் என் கட்டைத்தான் பிரிப்பாள். பிரித்தால் எப்படியும் ஒரு குறை கிடைக்கும். அத்தனையையும் மறுபடி தைக்கச் சொல்வாள்.

எனக்கு அடுத்த மெஷினில் ஒரு சீனத்தி, லான். ஈப்போவுக்குப் பக்கத்தில் கம்பார் அவளுக்கு ஊர். எங்களுக்குள் மலாய்தான் பேச்சு. மூத்தவள் என்பதால் அவர்கள் வழக்கப்படி ‘லான் சே’ என்று கூப்பிடுவேன், லான் அக்கா என்பதுபோல.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் லான் சே சொன்னாள், “அவ தையலைப் பாக்கிறான்னா நெனைக்கிறே? மூஞ்சியைப் பாக்கிறா. எந்த மூஞ்சி நடுங்குதோ அந்தக் கட்டைப் பிரிக்கிறா. என் தையல் உன்னுதைவிட மோசம். என் கட்டை எப்பவாச்சும் தொட்டிருக்காளா?”

பிறகு ஒரு கறுப்புத் துண்டுத் துணியை எடுத்து, துணிக்குக் குறி வைக்கும் சாக்கட்டியால் நான்கு சீன எழுத்து எழுதினாள். பட் துங் சிங் சிக். ஒவ்வொன்றாக விரலை வைத்து அர்த்தம் சொன்னாள். அசையாது... குரலும் அசையாது, முகத்தின் நிறமும் அசையாது.

“உள்ள தீப்பிடிச்சு எரியட்டும். வெளிய புகை வரக் கூடாது. எங்க அப்பாரு கடையில போலீசு வந்து நின்னா இப்படித்தான் டீ ஆத்துவாரு.”

எனக்கும் பழக்கிவிட்டாள். நாக்கைப் பல்லுக்குப் பின்னால் அழுத்திக்கொள். மூக்கால் மட்டும் மூச்சு விடு. ஊசி விழுகிறதை எண்ணு. பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு தையல் தூரம் பொறு. இவ்வளவுதான் வித்தை.

ஒரு மாதத்தில் சூப்பர்வைசர் என் மெஷினைத் தாண்டிப் போனாள். நீங்கள் நம்புவீர்களா? அன்று ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில். பிறந்ததிலிருந்து என்னை ஆட்டிப் படைத்த ஒன்றுக்கு முதல்முறையாக ஒரு மூடி கிடைத்தது எனக்கு.

“மெல்பர்ன் தண்ணி உனக்கு ஒத்துக்கிச்சு. இப்பல்லாம் நீ பயப்படுறதே இல்ல” என்றார் அவர். ஆமாம் என்று தலையாட்டினேன். பயம் குறையவே இல்லை என்று அன்றே சொல்லியிருக்கலாம்.

எழுபத்துநான்கு குளிர்காலம். எனக்கு எட்டு மாதம். வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். பேறுகாலத்துக்கு இன்னும் மூன்று வாரத்துக்கு மேலிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஒரு காலையில் தபால்காரர் விசில் ஊதிவிட்டுப் போனார். போய்ப் பார்த்தால் நீலநிற ஏர்லெட்டர். சரோஜாக்காவின் கையெழுத்து. தம்பி பெயருக்குத்தான் எழுதுவாள், ஆனால் மடிப்பின் கடைசித் துண்டு எப்போதும் எனக்கு. அதனால் பிரிப்பது எப்போதும் நான்தான்.

அம்மாவுக்கு ஈரலில் கட்டி என்று எழுதியிருந்தாள். மூன்று வாரம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ‘உன் பேரைச் சொல்லியே கண்ணைத் திறக்கிறது. கடிதம் கண்டவுடன் புறப்படு. தந்தி அடிக்க எனக்குக் கை வரவில்லை. உயிரோடு இருக்கிறவளுக்கு எப்படித் தந்தி அடிப்பேன்?’

எங்கள் பக்கத்தில் தந்தி என்றால் சாவு. வேறெதற்கும் யாரும் தந்தி அடிக்க மாட்டார்கள். அடித்தால் அதுவே சாவை அழைத்ததுபோல் ஆகிவிடும் என்று பயம். அதனால்தான் அவள் கடிதம் எழுதினாள்.

எனக்கான துண்டில் இரண்டே வரி. ‘தேவி, நிறைமாதத்தில் உன்னை விட்டுவிட்டு வரச் சொல்கிறேன். துணைக்கு யாரையாவது வைத்துக்கொள். பத்தே நாள், அனுப்பிவிடுகிறேன்.’

நின்றபடியே படித்தேன். அவருடைய அம்மாவின் முகம் எனக்கு நினைவு வரவேயில்லை. என் தாயின் முகம்தான் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறேன், வலிக்கிறது, ஏதோ கேட்கிறார்கள், எனக்குப் புரியவில்லை, சொல்லத் தெரியவில்லை, வாய் இல்லை...

போனால் திரும்பி வருவாரா? விமானம் விழாதா? பத்து நாள் இருபது நாள் ஆகாதா? ஒரு மணி நேரத்துக்குள் நான் ஒரு சுடுகாட்டையே கட்டி முடித்துவிட்டேன்.

பிறகு ஊசியை எடுத்தேன். முன் ஜன்னல் திரைச்சீலையின் அடிமடிப்பைப் பிரித்து, கடிதத்தை உள்ளே வைத்து, வெளியே தெரியாத தையல் போட்டு மூடினேன். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் மூடினேன். நாளைக்கு... அந்த வார்த்தையை நான் எத்தனை நாள் வைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா?

சாயங்காலம் அவர் வந்தார். பூட்ஸைக் கழற்றியபடி கேட்டார்.

“லெட்டர் எதும் வந்துச்சா?”

ஒரு தையல் தூரம் பொறுத்தேன். “இல்லீங்க.”

“அக்கா எழுதி ஒரு மாசமாச்சே.”

“வேலையா இருக்கும்.”

“குளிரு உள்ள வருது” என்று போய்த் திரையை இழுத்தார். காகிதம் மொறமொறத்தது. அவர் கை நின்றது. “என்னா சத்தம்?”

“கஞ்சி போட்டுத் தோச்சேன். வெறைப்பா இருக்கு.”

“திரைக்குக் கஞ்சி போடுற ஒரே ஆளு நீதான்” என்று சிரித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நேராக நின்று அவர் முகத்தைப் பார்த்தேன். குரல் அசையவில்லை. நிறம் அசையவில்லை. அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது... இதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

பன்னிரண்டு நாள். ஒவ்வொரு நாளும் காலையில் சொல்லிவிடுவது என்று எழுந்தேன். ஒவ்வொரு நாளும், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்பாரே என்று பயந்தேன். இரண்டாம் நாள் சொல்லியிருந்தால் அது ஒருநாள் தப்பு. ஐந்தாம் நாள் அதை என்னவென்று சொல்வது?

பதின்மூன்றாம் நாள் தந்தி வந்தது. சனிக்கிழமை. அவரே வாங்கினார். வாங்கும்போதே தெரிந்துவிட்டது. பிரிக்காமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். “அம்மா” என்றார். என்னைக் கூப்பிடுகிற குரலில்தான் சொன்னார், தன் தாயை.

போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிடுவார்கள் என்று அவர் கிளம்பவில்லை. மறுவாரம் தலையை மழித்துக்கொள்ளப் போனார். பக்கத்துத் தெருவில் ஓர் இத்தாலியக் கிழவரின் முடிதிருத்தும் கடை. எதற்கு என்று கேட்டாராம். இவர் சொன்னாராம். அந்தக் கிழவர் கத்தியை வைத்துவிட்டு, கடையின் பலகையைத் திருப்பி மூடிவிட்டு வந்து, மழித்தாராம். இதை என்னிடம் சொல்லிவிட்டு அவர் தேம்பினார். ஊர் பேர் தெரியாத ஒருவர் அவருக்குக் கடையை மூடினார். நான் என்ன செய்தேன்?

தந்தி வந்த ஆறாம் நாள் எனக்கு வலி வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். பிரசவ அறைக்குள் அவரை விடவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள்.

எதற்காக அவரைப் பிடித்து வைத்தேனோ, அது நடக்கவேயில்லை. ஒரு நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதேதோ பேசினாள். ஒரு வார்த்தை புரியவில்லை. புரிய வேண்டியிருக்கவும் இல்லை. நான்கு மணி நேரத்தில் மகள் பிறந்தாள். நாளைக் கூட்டிப் பாருங்கள். அவர் போய், தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் இருந்து, திரும்பி வந்து, அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரத்தில் திரையைப் பிரித்துக் கடிதத்தை எடுத்து அடுப்பில் காட்டினேன். கருகிய நாற்றம் போக நெத்திலி வறுத்தேன்.

அடுத்து சரோஜாக்காவின் கடிதம் வந்தது. இதை அவர்தான் பிரித்தார். ‘நான் எழுதியும் ஏன் வரவில்லை? கடைசிவரை வாசலையே பார்த்தது.’

அவர் அதிகம் பேசாதவர் என்றேனே. அன்று பேசினார்.

“எழுதினாளாம். எங்க இருக்கு? இதுவரைக்கும் அக்கா போட்ட லெட்டர் ஒண்ணாச்சும் தவறியிருக்கா? இது மட்டும் எப்படித் தவறும்? போல்ட்டு தானா கழண்டுக்காது தேவி. யாரோ முடுக்காம விட்டிருக்காங்க. எழுதாம விட்டுட்டா. இப்ப எழுதினேன்னு கதை சொல்றா.”

நான் குழந்தைக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன்.

“நீ என்ன சொல்றே?”

‘தபாலில் தொலைந்திருக்கும்’ என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்! உண்மை வேண்டாம்... அந்தச் சின்னப் பொய் போதும், அவளைக் காப்பாற்ற. ஆனால் என் பயம் அதற்குள் ஓடிவிட்டது. தொலைந்தது என்றால் இவர் தபாலாபீசுக்குப் போய்க் கேட்பார். தபால்காரரிடம் கேட்பார். அவர் ‘நீலக் கடிதமா, போட்டேனே’ என்பார். பிறகு?

“எனக்கென்னங்க தெரியும்” என்றேன். குரல் அசையாமல்.

‘எனக்கு இனி அக்கா இல்லை’ என்று அவர் எழுதிப் போட்டார். பதிலுக்கு அவளிடமிருந்து ஒரு கடிதம், என் பெயருக்கு. அதுவரை அவள் என் பெயருக்கு எழுதியதே இல்லை. ஒரே வரி. ‘தேவி, கடிதம் வந்ததா?’

நான் பதில் போட்டேன். ‘வரவில்லை அக்கா.’

இப்போது உங்களுக்கு என்மேல் அருவருப்பு வந்திருக்கும். எனக்கு வந்ததுபோல.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து எதுவும் வரவில்லை.

மகளைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை லான் சே வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே அவள் தன் புருஷனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிவந்து, கண்ணீர் வடிய, கையில் கரண்டியோடு. நான் வாசலிலேயே நின்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“என்ன அப்படிப் பாக்கிறே?”

“நீங்க... முகம் அசையக் கூடாதுன்னு...”

“அது அந்த சூப்பர்வைசர் பிசாசுக்கு. வீட்டுல யாரு இருக்கா, சூப்பர்வைசரா? இந்தக் கெழவன்கிட்ட மூஞ்சியை மூடிக்கிட்டா அப்புறம் நான் எங்க போய்த் தொறக்கிறது?”

அவள் புருஷன் சோற்றை வாயில் வைத்தபடி தலையாட்டினார். லான் சே மேல் நான் பழி போட முடியாது. அவள் எனக்குக் குடை கொடுத்தாள். வீட்டுக்குள்ளும் அதைப் பிடித்துக்கொண்டு திரிந்தது நான்.

ஏக்கம் என்றால் என்னவென்று எனக்கு அதன் பிறகுதான் தெரிந்தது. ஊரை நினைத்தல்ல. மெல்பர்னில் எனக்கு எல்லாம் பழகிவிட்டது. மகள் இங்கிலீஷ் பேசுகிறாள், எனக்கும் கொஞ்சம் வருகிறது. ஆனால் ‘ஏய் தேவி’ என்று என்னைக் கூப்பிட ஆளில்லை. அவர் ‘தேவி’ என்பார். அந்த ‘ஏய்’ இல்லை. பயம் வரும்போதெல்லாம் காது அதற்காகவே காத்திருக்கும்.

ஒருநாள் டிராமில் ஒரு பெண். இறுக்கிப் போட்ட கொண்டை, இடதுபக்கம் சாய்ந்த நடை. சரோஜாக்காவின் நடை. அவளாக இருக்க முடியாது என்று தெரியும். தெரிந்தும் என் நிறுத்தத்துக்கு மூன்று நிறுத்தம் முன்னாலேயே இறங்கி அவள் பின்னாலேயே நடந்தேன். காய்கறிக்கடை வாசலில் அவள் திரும்பிப் பார்த்தாள். யாரோ. இந்தியப் பெண்கூட இல்லை. மால்டாவோ கிரீஸோ. ஆனாலும் சிரித்தாள். நான் வீடு வரைக்கும் நடந்தே வந்தேன். அழுகை வரவில்லை. வர வேண்டிய இடத்தில் வரும் வழியை நானே தைத்து மூடிவிட்டேன் போலும்.

இந்த வருடம் தீபாவளிக்கு நம்மவர்கள் ஒரு சர்ச் மண்டபத்தை வாடகைக்குப் பிடித்துக் கூடினார்கள். அங்கே ஈப்போவிலிருந்து வந்த ஒருவர் என் கணவரிடம், “உங்க அக்கா வீட்டுக் கூடத்துல உங்க கல்யாணப் போட்டோ இன்னும் மாட்டியிருக்கு சார்” என்று சொல்லிவிட்டார்.

இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை, “நீ அவளுக்கு ஒரு லெட்டர் போடு” என்றார். “எழுதலன்னு ஒத்துக்கிட்டாப் போதும். ஒரே வார்த்தை. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். நான் எல்லாத்தையும் விட்டுடறேன்.”

எழுதினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். ஒத்துக்கொள்ள வேண்டியவள் கையால், ஒத்துக்கொள்ள ஒன்றுமில்லாதவளுக்கு.

அவள் ஒத்துக்கொள்ள மாட்டாள் என்று நினைத்தேன். நெஞ்சைத் தொட்டுச் சொன்னால்... அப்படியே ஆக வேண்டும் என்று விரும்பினேன். அவள் கோபப்பட்டு, ‘உன் பெண்டாட்டியைக் கேள்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் என் வேலை முடிந்துவிடும் அல்லவா?

போன புதன்கிழமை பதில் வந்தது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவர் சத்தமாகப் படித்தார். மகள் அவர் மடியில்.

‘தம்பிக்கு. நீ சொன்னதுதான் சரி. அப்போது நான் உனக்கு எழுதவில்லை. தேவி நிறைமாதம் என்று பயந்துபோய் எழுதாமல் விட்டேன். பிறகு எழுதினேன் என்று பொய் சொன்னேன். அக்காவை மன்னித்துவிடு. குழந்தைக்குப் பல் விழ ஆரம்பித்துவிட்டதா?’

அவ்வளவுதான். எனக்கென்று ஒரு துண்டு இல்லை.

அவளுக்குத் தெரியும். எத்தனை நாளாகத் தெரியும் என்றுதான் எனக்குத் தெரியவில்லை. தம்பியிடம் திரும்பி வர அவளுக்கு ஒரு வழிதான் இருந்தது. அந்த வழியில் நான் உட்கார்ந்திருந்தேன். அவள் என்னை எழுப்பவில்லை. குனிந்து கடந்துவிட்டாள்.

“பாத்தியா? நான் அன்னிக்கே சொன்னேன்ல” என்றார் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஐந்து வருடத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. அதை எப்படி அணைப்பேன்? நீங்கள் சொல்லுங்கள். இல்லை... சொல்ல வேண்டாம். அணைக்கவில்லை என்பதற்கு இதையும் ஒரு சாக்காக வைத்துக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும்.

“ஏன் பேசாம நிக்கிறே? உன் சிநேகிதியாச்சே, சந்தோசமில்லையா?”

“சந்தோசந்தாங்க.”

“இப்பவே எழுது. மன்னிச்சிட்டேன்னு எழுது. பள்ளிக்கூட லீவுக்கு நாம மூணு பேரும் வர்றோம்னு எழுது.”

மகளை ஓரமாக உட்கார வைத்துவிட்டு எழுதினேன். ‘அன்புள்ள அக்காவுக்கு. உங்கள் தம்பி உங்களை மன்னித்துவிட்டார்.’ என் கையெழுத்து நன்றாக வந்தது. ஒரு எழுத்துக்கூடக் கோணவில்லை.

கீழே நிறைய இடம் இருந்தது. அவர் குளிக்கப் போனார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு தண்ணீர் விழும் சத்தம் நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

நின்றதும், ‘இங்கே நாங்கள் எல்லோரும் நலம்’ என்று எழுதி மடித்து ஒட்டினேன்.